மருந்துக்கும் ஆயுள் உண்டு

நாட்டரசன்கோட்டை என்றவுடன் கவிச்சக்கரவர்த்தி கம்பரின் நினைவிடமே நம் மனக்கண்முன் தோன்றும். அவர்தம் யுத்த காண்டத்தில் மருத்துமலைப் படலம் என்றொரு பகுதி உண்டு. களத்தில் வீழ்ந்தோரை எழுப்பும் மருந்து கைவசம் இல்லை. அனுமன் மலையையே பெயர்த்து வர வேண்டியதாயிற்று. இன்றைய மருத்துவமனையில், நின்றுபோகும் இதயத்துக்கு அவ்வளவு அவகாசம் ஏது? ஆகவேதான் உயிர்காக்கும் மருந்தை முன்னரே நீர்த்து, ஊசிக்குழலில் ஏற்றி ஆயத்தமாய் வைக்கும் வழக்கம் தோன்றிற்று. ஆனால், அவ்வாறு வைத்த மருந்துக்கும் ஆயுள் உண்டன்றோ?

இவ்வுண்மையை முன்னோர் நன்கறிந்திருந்தனர். அறிஞர் இப்னு சீனா (980–1037) தமது 'அல்கானூன்' நூலில், திர்யாக் எனும் நச்சுமுறி மருந்துக்கும் குழந்தைப் பருவம், இளமை, முதுமை, இறப்பு ஆகியன உண்டென வகுத்தார். நம் சித்த மருத்துவர்களோ சூரணத்துக்கு 3 மாதமும், குடிநீருக்கு 3 மணி நேரமுமே ஆயுள் விதித்தனர். நீர் சேர்ந்தது விரைவில் கெடும் என்பது அவர்கள் கண்ட பாடம்.

அட்ரினலின் இதற்கு நற்சான்று. ஜப்பானிய அறிஞர் ஜோக்கிச்சி தக்கமினே இதனைத் தூய நிலையில் பிரித்தெடுத்ததை 1901இல் உலகுக்கு அறிவித்தார். 1 மில்லி லிட்டருக்கு 1 மில்லி கிராம் வீதம் கண்ணாடிக் குப்பியில் அடைக்கும்போது, அமிலத்தன்மையும், உடன் சேர்க்கும் காப்புப் பொருளும் அதனைக் காக்கின்றன. உப்புநீரில் நீர்த்தாலோ அக்காவல் இரண்டும் தளர்கின்றன. காற்றும் ஒளியும் தாக்க, மருந்து இளஞ்சிவப்பாகிப் பின் பழுப்பாகிறது. நிறம் மாறாதபோதும் வீரியம் குன்றியிருக்கலாம், கிருமியும் புகுந்திருக்கலாம். கண் மட்டும் இங்கே போதிய சாட்சியன்று.

நம் நாட்டில் கர்னல் ஆர். என். சோப்ரா தலைமையில் 1930இல் அமைந்த விசாரணைக் குழுவின் அறிக்கையைத் தொடர்ந்து, 1940இல் மருந்துச் சட்டமும் 1945இல் விதிகளும் பிறந்தன. அவ்விதிகளின்படி குப்பியின்மேல் காலாவதித் தேதி காண்கிறோம். அத்தேதியோ மூடிய குப்பிக்கே உரியது. உடைத்து நீர்த்த கணமே புதுக்கணக்குத் தொடங்கிவிடுகிறது. ஆதலின் ஊசிக்குழலின்மேல் மருந்தின் பெயர், செறிவு, நீர்த்த நேரம் ஆகியவற்றைத் தவறாது எழுதுதல் வேண்டும்.

நேரம் கடந்ததை எறிவது வீண்விரயமாகாதா எனச் சிலர் தயங்கக்கூடும். வீரியமிழந்த மருந்தை நம்பி ஓர் உயிரை விரயமாக்குவதன்றோ பெரும் விரயம்! நினைவிழந்து கிடக்கும் நோயாளி தமக்கு ஏற்றப்படுவது யாதெனக் கேட்கவியலாதவர். அவர் உயிர் நம் கையில் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அச்சிறு சீட்டில் எழுதப்படும் நேரம், அவ்வமானிதத்தைப் பேணும் கையெழுத்தாகும்.