ஓவராயில்: மிதிவண்டிச் சங்கிலியும் எழுதப்படாத பராமரிப்பு வரலாறும்

இந்தியாவில் மிதிவண்டியின் வரலாறு வழக்கமாகச் சில ஆண்டுகளின் வரிசையாகவே எழுதப்படுகிறது. 1885இல் இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரில் ஜான் கெம்ப் ஸ்டார்லியின் ‘ரோவர்’ வெளிவந்தது. இன்றைய மிதிவண்டியின் வடிவம் அதிலிருந்தே தொடங்குகிறது. 1949இல் சென்னையில் டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவப்பட்டது. 1956இல் லூதியானாவில் ஹீரோ சைக்கிள்ஸ் உருவாயிற்று. கண்டுபிடிப்பு, இறக்குமதி, உள்நாட்டு உற்பத்தி என நகரும் இவ்வரிசையில் பிழை இல்லை. ஆனால் ஒரு மிதிவண்டி தொழிற்சாலையில் இருக்கும் காலம் மிகச் சிறிது. அதன் பிறகு பத்து, இருபது ஆண்டுகள் அது தெருவில் ஓடுகிறது. அந்த ஆயுளை அதற்கு ஈட்டித் தந்தவர்கள் யார், எந்த அறிவைக் கொண்டு ஈட்டினார்கள் என்ற கேள்விக்கு அவ்வரிசையில் இடம் இல்லை.

பிரிட்டிஷ் வரலாற்றாசிரியர் டேவிட் எட்ஜர்ட்டன் 2006இல் வெளியான ‘தி ஷாக் ஆஃப் தி ஓல்ட்’ என்னும் நூலில், புதுமைகளை மையமாகக் கொண்ட தொழில்நுட்ப வரலாற்றுக்கு மாற்றாகப் பயன்பாட்டை மையமாகக் கொண்ட வரலாற்றை முன்வைத்தார். பராமரிப்புக்கெனத் தனி இயலே ஒதுக்கினார். இந்தியாவைப் பொறுத்தவரை, டேவிட் ஆர்னால்டின் ‘எவ்ரிடே டெக்னாலஜி’ (2013) மிதிவண்டி, தையல் இயந்திரம், தட்டச்சு இயந்திரம், அரிசி ஆலை ஆகிய எளிய கருவிகளின் வழியாக நவீனத்துவத்தைப் படித்தது. இவ்விரு நூல்களும் திறந்த வழியில் மேலும் செல்ல, மிதிவண்டியின் ஒரே ஓர் உறுப்பைப் பின்தொடர்ந்தாலே போதும். அது சங்கிலி. சட்டகம் கவனிப்பாரற்றுக் கிடந்தாலும் பல்லாண்டு நிற்கும். சங்கிலியோ ஒரு மழைக்காலத்துக்குள் கவனிப்பின்மையைக் காட்டிக்கொடுத்துவிடும்.

ஸ்டார்லிக்கு முந்தைய உயர்சக்கர மிதிவண்டியில் சங்கிலி இல்லை. மிதிகட்டை முன்சக்கரத்தின் அச்சிலேயே இணைந்திருந்தது. ஒரு மிதிக்கு அதிகத் தொலைவு செல்ல வேண்டுமானால் சக்கரத்தைப் பெரிதாக்க வேண்டும். ஓட்டுபவரின் கால்நீளமே அதற்கு எல்லை. மிதிப்பவரின் விசையைப் பின்சக்கரத்துக்குக் கடத்தி, பல்சக்கரங்களின் அளவு வேறுபாட்டால் வேகத்தைப் பெருக்கும் சங்கிலி வந்த பிறகே சக்கரங்கள் சிறுத்தன. ஓட்டுபவரின் கால் தரையை எட்டியது. அந்தச் சங்கிலி நெசவாலைகளிலிருந்து வந்தது. இங்கிலாந்தின் சால்ஃபோர்டில் ஆலை இயந்திரங்களுக்குச் சங்கிலி செய்துவந்த ஜேம்ஸ் ஸ்லேட்டர் 1864இல் உருளைச் சங்கிலி ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். அவருடைய சிறு தொழிலகத்தை 1879இல் வாங்கிய சுவிட்சர்லாந்துக்காரர் ஹான்ஸ் ரெனால்டு, அடுத்த ஆண்டே அதில் ஒரு மாற்றத்தைச் செய்தார். அதுவரை சங்கிலியின் ஊசி, மெல்லிய பக்கத்தகடுகளின் விளிம்பில் உராய்ந்து விரைவில் தேய்ந்தது. ரெனால்டு உள்தகடுகளுக்கிடையே ஒரு குழல் உறையைப் பொருத்தினார். விசை உறையின் முழு நீளத்திலும் பரவியது. தேய்வு பெருமளவு குறைந்தது. 1880ஆம் ஆண்டின் அந்த அமைப்பே இன்றைய மிதிவண்டிச் சங்கிலியின் அடிப்படை.

கவனிக்க வேண்டியது, ரெனால்டு தேய்வைக் குறைத்தாரே தவிர நீக்கவில்லை என்பதே. சங்கிலி ‘நீண்டுவிட்டது’ என்று எல்லா மொழியினரும் சொல்கின்றனர். உண்மையில் எஃகுத் தகடு ரப்பரைப்போல் நீள்வதில்லை. ஊசியும் உறையும் உராயும் இடத்தில் மயிரிழை அளவு உலோகம் தேய்கிறது. சாதாரண மிதிவண்டியில் நூற்றுக்கும் சற்று மேற்பட்ட கண்ணிகள் இருப்பதால் மயிரிழைகள் சேர்ந்து கண்ணுக்குத் தெரியும் தளர்ச்சியாகின்றன. ஒரு கண்ணியின் நீளம் அரை அங்குலம், அதாவது 12.7 மில்லிமீட்டர். எனவே புதிய சங்கிலியில் 24 கண்ணிகளை அளந்தால் சரியாக 12 அங்குலம் இருக்கும். அதற்குமேல் வீசம் (1/16) அங்குலம் கூடினால் சங்கிலியை மாற்றலாம் என்பதும், அரைக்கால் (1/8) அங்குலம் கூடிவிட்டால் பல்சக்கரமும் கெட்டிருக்கும் என்பதும் பொதுவான கணக்கு. இந்தத் தேய்வை விரைவுபடுத்துவது புழுதி. எண்ணெயோடு கலந்த நுண்மணல் உப்புத்தாளின் வேலையை உறைக்குள்ளே செய்கிறது.

இச்சிக்கலுக்குத் தொடக்கத்திலேயே இரண்டு விடைகள் இருந்தன. ஒன்று, கழற்றித் துடைப்பது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலேய ஓட்டுநர்கள் சங்கிலியை மண்ணெண்ணெயில் ஊறவைத்துக் கழுவி, உருக்கிய விலங்குக் கொழுப்பும் கிராஃபைட் தூளும் கலந்த கலவையில் மூழ்கவைத்து, ஆறிய பின் மேற்பரப்பை வழித்தெடுத்து மாட்டினர். (பந்தய வீரர்கள் இன்று சங்கிலியை உருக்கிய மெழுகில் மூழ்கவைப்பது அதே முறையின் மறுவருகையே.) மற்றொன்று, மூடிவைப்பது. வுல்வர்ஹாம்ப்டனில் ஜான் மார்ஸ்டன் செய்த ‘சன்பீம்’ மிதிவண்டிகளில் சங்கிலி முழுவதும் ஓர் எண்ணெய்ப் பெட்டிக்குள் ஓடியது. புழுதி புகவில்லை, துடைக்கும் வேலையும் குறைந்தது. ஆனால் அந்த வசதிக்கு விலை அதிகம். ஆக, தூய்மை என்பது வாங்கக்கூடிய பொருளாகவோ செலுத்த வேண்டிய உழைப்பாகவோ தொடக்கத்திலேயே இரண்டாகப் பிரிந்துவிட்டது. இந்தியாவின் பெரும்பான்மை மிதிவண்டிகள் இரண்டாம் பாதையில் ஓடின.

முதல் உலகப்போருக்கு முன் இந்தியாவுக்கு வந்த மிதிவண்டிகளில் பெரும்பாலானவை பிரிட்டனில் செய்யப்பட்டவை. பின்னர் ஜெர்மானிய, ஜப்பானியப் பொருள்களும் போட்டிக்கு வந்தன. மண்சாலை, கோடைப்புழுதி, பருவமழைச் சேறு ஆகியவை கோவென்ட்ரியின் கணக்கில் இல்லாதவை. அரை மூடி போட்ட அல்லது மூடியே இல்லாத சங்கிலிகள் இவற்றின் நடுவே ஓட வேண்டியிருந்தது. அதனால் மிதிவண்டி பரவிய ஊர்களிலெல்லாம் அதைப் பழுதுபார்க்கும் கடையும் பரவியது: வேப்பமரத்தடியிலும், பள்ளிக்கூட வாசலிலும், சந்தை முனையிலும். மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் கடைகள் தம் வண்டிகளைத் தாமே பராமரித்தன.

இந்திய மிதிவண்டித் தொழிலின் வேர்களுள் ஒன்று இந்தப் பழுதுபார்ப்பின் தேவையில் இருக்கிறது. ஹீரோ நிறுவனத்தைத் தொடங்கிய முஞ்சால் சகோதரர்கள், இன்று பாகிஸ்தானில் உள்ள கமாலியாவிலிருந்து 1944இல் அமிர்தசரஸ் வந்தபோது தொடங்கியது மிதிவண்டித் தொழிற்சாலை அன்று, உதிரிபாக வணிகம். பிறகு லூதியானாவுக்குச் சென்று பாகங்களைச் செய்யத் தொடங்கினர். முழு வண்டி அதற்கும் பின்னரே வந்தது. 1960இல் அமெரிக்காவின் இண்டியானாபோலிஸைச் சேர்ந்த டயமண்ட் செயின் நிறுவனத்தின் கூட்டுறவோடு டி.ஐ. டயமண்ட் செயின் உருவானபோது, சங்கிலிக்கென்றே ஒரு தொழிற்சாலை சென்னையில் எழுந்தது. தேய்ந்துகொண்டே இருக்கும் ஒரு பொருளுக்கு முடிவில்லாத சந்தை உண்டு. அந்தச் சந்தை ஒவ்வொரு நாளும் கடைகளின் வாசலிலேதான் கூடியது.

அக்கடைகளின் செய்முறை எளிமையானது போலத் தோன்றும். இணைப்புக் கண்ணியின் வில்லைத் திருப்புளியால் நெம்பிச் சங்கிலியைக் கழற்றுவர். மண்ணெண்ணெய் ஊற்றிய தட்டில் ஊறவைத்து, தூரிகையால் தேய்த்து, துணியால் துடைத்து உலர்த்துவர். கண்ணிகளை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்து, இறுகியவற்றை அசைத்து விடுவிப்பர். பிறகு எண்ணெயிட்டு, வில்லின் மூடிய முனை சங்கிலி ஓடும் திசையை நோக்குமாறு மாட்டுவர்; திறந்த முனை முன்னே இருந்தால் எதிலேனும் இடித்து வில் கழன்றுவிடும். கடைசியில் பின்சக்கரத்தின் நட்டுகளைத் தளர்த்தி, சக்கரத்தைப் பின்னோக்கி இழுத்து, சங்கிலியை விரலால் அழுத்தி அரை அங்குலம் அசைகிறதா என்று பார்ப்பர். இங்கே அளவுகோல் இல்லை, விரலே அளவுகோல். மிக இறுக்கினால் அச்சுக்குக் கேடு, மிகத் தளர்த்தினால் சங்கிலி கழலும் என்ற இரண்டுக்கும் நடுவே உள்ள இடத்தை அந்த விரல் அறியும்.

தமிழகத்தின் கடைகளில் இந்த முழுச் செயலுக்கும் ஒரு பெயர் உண்டு: ‘ஓவராயில்’. ஆங்கிலத்தில் முழுவதும் பிரித்துச் சீர்செய்தலைக் குறிக்கும் ‘ஓவர்ஹால்’ என்ற சொல்லே இவ்வாறு திரிந்தது. கேட்டவர்கள் அதன் இறுதிப்பகுதியில் தமக்குத் தெரிந்த ‘ஆயில்’ என்ற சொல்லை இனங்கண்டனர். மொழியியலார் இதனை நாட்டார் சொற்பிறப்பு என்பர்: பொருள் விளங்காத ஒலிக்குப் பழகிய சொல்லின் வடிவத்தைத் தருவது. இதைப் பிழை என்று ஒதுக்குவது எளிது. எனினும் ‘ஹால்’ என்பது இழுத்தலைக் குறிக்கும் கப்பல் தொழிற்சொல்; மிதிவண்டிக் கடையில் அதற்குப் பொருளில்லை. பிரித்து, கழுவி, எண்ணெயிட்டுப் பூட்டும் வேலைக்கு ‘ஆயில்’ என்ற சொல்லே பொருந்தும். கடை, சொல்லையும் பிரித்துச் சீர்செய்து பூட்டிவிட்டது.

அச்சொல்லில் ஓர் எச்சரிக்கையும் தற்செயலாக அமைந்துவிட்டது. சங்கிலிக்கு ‘ஓவர்’ ஆயில் ஆகாது. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகப் பொறியாளர் ஜேம்ஸ் ஸ்பைசரும் அவருடைய குழுவினரும் 1999இல் வெளியிட்ட ஆய்வில், நல்ல சங்கிலி தான் பெறும் ஆற்றலில் 98.6 விழுக்காடு வரை கடத்துவது தெரியவந்தது. தூய்மையான ஆய்வகச் சூழலில் எண்ணெயிட்ட சங்கிலிக்கும் இடாத சங்கிலிக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. எண்ணெயின் முதன்மைப் பணி உறைக்குள் இடத்தை நிரப்பி அழுக்கை வெளியே நிறுத்துவதாகலாம் என்பது அவர்கள் வந்தடைந்த கருத்து. எண்ணெயிட்ட பிறகு வெளிப்புறத்தைப் பழந்துணியால் வழித்துத் துடைக்கும் கடைக்காரரின் பழக்கத்தில் அதே அறிவு வேறொரு வடிவில் இருக்கிறது: எண்ணெய் உள்ளே இருக்க வேண்டும், வெளியே இருந்தால் புழுதிக்குப் பசையாகிவிடும்.

இந்தி பேசும் பகுதிகளின் வழக்கு இன்னொன்றைக் காட்டுகிறது. சங்கிலி கழன்றால் ‘சேன் உதர் கயீ’ என்பர்: சங்கிலி இறங்கிவிட்டது. மாட்டுவதற்குச் ‘சடானா’ என்பர்: ஏற்றுவது. தமிழிலும் இதே நிலைதான். செயின் தானாகக் ‘கழல்கிறது’. ஒருவர் அதை ‘மாட்டுகிறார்’. கேடு தன்வினையாகவும் சீரமைப்பு செயப்படுபொருள் குன்றா வினையாகவும் அமைகின்றன. கெடுவதற்கு எழுவாயாகச் சங்கிலி மட்டுமே போதும். சீராவதற்கோ ஒரு மனிதர் வேண்டும் என்பது இலக்கணத்திலேயே பதிவாகியிருக்கிறது. ஆவணங்களில்தான் அந்த எழுவாய் மறைகிறது. நகராட்சிகள் மிதிவண்டிக்கு வரி விதித்து வில்லை வழங்கிய காலத்தில் வண்டிகள் கணக்கில் ஏறின. அவற்றை ஓடவைத்தவர்கள் ஏறவில்லை.

இது பழங்கதை மட்டுமன்று. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியக் குடும்பங்களில் ஏறத்தாழ 45 விழுக்காட்டில் மிதிவண்டி இருந்தது. பீகார் அரசு 2006இல் ஒன்பதாம் வகுப்பு மாணவியருக்கு மிதிவண்டி வாங்கப் பணம் தரும் திட்டத்தைத் தொடங்கியது. கார்த்திக் முரளீதரனும் நிஷித் பிரகாஷும் 2017இல் வெளியிட்ட ஆய்வு, அத்திட்டத்தால் உரிய வயதில் உயர்நிலைப் பள்ளியில் சேரும் மாணவியர் 32 விழுக்காடு கூடியதைக் காட்டியது. பணம் தருவது ஒருமுறை நிகழ்வது. பள்ளி தொலைவிலுள்ள மாணவி பத்தாம் வகுப்பிலும் நாள்தோறும் சென்றுவர, அவ்வழியில் சங்கிலியைச் சீராக்கத் தெரிந்த ஒருவர் இருக்க வேண்டும். அல்லது அவளுக்கே அது கற்றுத்தரப்பட்டிருக்க வேண்டும். கொள்கை ஆவணம் முதலாவதை எண்ணிவிடுகிறது. இரண்டாவது தானாக நிகழும் என்று நம்புகிறது.

2020 ஜூன் 3, உலக மிதிவண்டி நாள். அன்று சாகிபாபாத்திலுள்ள அட்லஸ் தொழிற்சாலை உற்பத்தியை நிறுத்தியது நாடு முழுவதும் செய்தியாயிற்று; ஆகவே வருங்கால வரலாற்றாசிரியருக்கு அது கிடைக்கும். ஒரு மரத்தடிக் கடை மூடப்பட்டால் எந்த நாளிதழும் எழுதாது. அதோடு அந்த விரலின் அளவும், ‘ஓவராயில்’ போன்ற சொற்களும், எந்தப் பருவத்தில் எவ்வளவு எண்ணெய் என்ற கணக்கும் போய்விடும். வாய்மொழி வரலாற்றிலும் தொழிற்சொல் தொகுப்பிலும் ஈடுபடும் மாணவர்களுக்கு இங்கே காத்திருக்கும் வேலை பெரிது. அதற்குக் கால எல்லையும் உண்டு. கடைக்காரர்களில் பலர் முதுமையை எட்டிவிட்டனர். அவர்கள் துடைத்த சங்கிலிகள் தேய்ந்து பழைய இரும்பாகிவிட்டன. துடைத்த முறையை அவர்கள் இன்னும் சொல்லக்கூடும். கேட்பதற்கு ஆள் வேண்டும்.