எம்பயர்: நிலமல்ல, ஆணை

பேரரசு என்றதும் நமக்கு வரைபடம்தான் கண்முன் வருகிறது. ‘எம்பயர்’ என்ற ஆங்கிலச் சொல்லின் வேரிலோ நிலமே இல்லை. லத்தீனில் ‘இம்பெராரே’ என்றால் கட்டளையிடுதல். அதன் வழிவந்த ‘இம்பீரியம்’, ரோமானிய உயர் அதிகாரிகளின் ஆணையுரிமை. அத்தகைய உயர் அதிகாரியான கான்சல் தெருவில் நடந்தால் முன்னே 12 காவலர்கள், அவர்கள் தோளில் பிரம்புக்கட்டு. நகரின் புனித எல்லையைத் தாண்டியதும் அந்தக் கட்டில் கோடரியும் சேரும். உயிரெடுக்கும் அதிகாரத்தின் அடையாளம் அது. ரோம் விரிய விரிய, ஆணை செல்லும் நிலத்துக்கே அந்தப் பெயர் ஆகிவந்தது.

இது ரோமின் எண்ணம். சீனரின் ‘தியன்ஷியா’வுக்கோ ‘வானத்தின் கீழ் உள்ளதெல்லாம்’ என்று பொருள். பாரசீக மன்னர் தாரியஸ் பெஹிஸ்தூன் பாறையில் தன்னை ‘அரசர்க்கு அரசன்’ என்று பொறித்துக்கொண்டார். மூன்றும் வெவ்வேறு எண்ணங்கள். மூன்றையும் ‘பேரரசு’ என்றே மொழிபெயர்ப்பவர்கள், தயவுசெய்து ஓர் அடிக்குறிப்பாவது சேருங்கள்.