பானையில் பேர் இருக்கு, பாட்டில் இல்லை

போன மாசம் கீழடி அருங்காட்சியகம் போயிருந்தேன். மதுரையிலிருந்து சுமார் 12 கிலோமீட்டர். செட்டிநாட்டு வீடு மாதிரி கட்டி, 2023 மார்ச்சில் திறந்தாங்க. பகடை, சுடுமண் பொம்மை எல்லாம் இருக்கு. ஆனா என்னை நிற்க வைத்தது பானை ஓடுகள்தான். அகழாய்வில் கிடைத்த ஓடுகளில் 'ஆதன்', 'குவிரன் ஆதன்' என்று தமிழி எழுத்தில் பேர் கீறியிருக்கு. 2,000 வருஷத்துக்கு முன்னால், ஒரு ஆள் தன் பானையில் போட்ட பேர்!

வீட்டுக்கு வந்து பழைய கேசட் பெட்டியைக் கிளறினேன். எண்பதுகளில் மாமா வாங்கின நாட்டுப்புறப் பாட்டு கேசட் ஒன்று. அட்டையில் கம்பெனி பேர் இருக்கு, இசையமைத்தவர் பேர் இருக்கு. பாட்டு எந்த ஊரில் எடுத்தது, யாரிடம் கேட்டது? ஒரு வரி இல்லை.

"யார் கட்டினதுன்னு தெரியாது, அதனால்தானே நாட்டுப்புறப் பாட்டு" என்பார்கள். பாதி உண்மை. மெட்டு ஊருக்குப் பொது. ஆனா ஒப்பாரியில் செத்தவர் பேர், பிறந்த ஊர், உறவுமுறை எல்லாம் பாடுகிறவள் அந்த இடத்திலேயே கட்டணும். நடவுப்பாட்டு வயல் முடியும்வரை நீளும். பழைய 78 சுற்று இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்குச் சுமார் 3 நிமிஷம்தான் இடம். சுருக்கும்போது வெளியூர்க்காரருக்குப் புரியாத பேர்கள்தான் முதலில் போயிருக்கும் என்பது என் ஊகம்.

விதிவிலக்கும் உண்டு. சிவகங்கைப் பக்கத்து கொல்லங்குடி கருப்பாயி 1985இல் 'ஆண்பாவம்' படத்தில் பாட்டியாக நடித்து, தானே பாடினார். ஊர்ப்பேரோடு அவர் பேரும் நின்றுவிட்டது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணன், கணவரோடு சேர்ந்து கிராமத்துப் பாடல்களைத் தேடிச் சேகரித்தவர்; 2018இல் பத்மஸ்ரீ பெற்றார். இப்படிப் பேர் தெரிந்தவர்கள் கொஞ்சப் பேர்தான்.

எங்க அப்பத்தாவை நாலு ஊர் இழவு வீட்டுக்குக் கூப்பிடுவாங்க. அவர் ஒப்பாரியை நாங்க யாரும் பதிவு செய்யவில்லை. எனக்கு நினைவில் நிற்பது ரெண்டு அடி. போன வாரம் நோட்டில் எழுதி, கீழே அவர் பேரையும் ஊரையும் போட்டேன்.

உங்க வீட்டில் பழைய கேசட்டோ, போனில் எடுத்த பதிவோ இருந்தா, பாடினவங்க பேரை இன்னிக்கே எழுதி வைங்க. குரலை அடையாளம் சொல்ல ஆள் இருக்கும்போதே செய்யணும்.