சயாமுக்குப் போனவர்களின் பெயர் எந்த ஏட்டில்?

ரந்தாவ் என்றதும் இன்று பலருக்கு 2019 ஏப்ரல் 13-இல் நடந்த சட்டமன்ற இடைத்தேர்தல்தான் நினைவுக்கு வரும். வாக்காளர்களில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் இந்தியர்கள் என்பதால் தோட்டத்து மக்களைப் பற்றி அந்தச் சில வாரங்களில் எல்லாரும் பேசினார்கள். தேர்தல் முடிந்ததும் பேச்சும் முடிந்தது. ஆனால் அந்த மக்கள் ஒரு தேர்தலுக்காக முளைத்தவர்கள் அல்லர். இலங்கையில் காப்பி பயிரிட்டுப் பழகிய துரைமார்கள் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சுங்கை ஊஜோங்கிற்கு வந்து நிலம் எடுத்தார்கள். லின்சம் தோட்டத்தைத் திறந்த ஹெஸ்லாப் ஹில் அவர்களுள் ஒருவர். 1891-இல் சிரம்பானிலிருந்து போர்ட்டிக்சனுக்கு ரயில் ஓடத் தொடங்கியது. காப்பி போய் ரப்பர் வந்தது, ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பயிர்தான் மாறியதே தவிர, வேலைக்காட்டில் நின்றவர்கள் தமிழர்களாகவே இருந்தார்கள். லின்சம், கொம்போக் என்னும் தோட்டங்களின் பெயர்களைத் தமிழ்ப்பள்ளிகள் இன்னும் சுமந்துகொண்டிருக்கின்றன.

இந்த மக்களுக்கு வரலாறு இல்லையா? இருக்கிறது. ஆனால் அது துரைமார்களின் கடிதங்களிலும் அரசாங்க அறிக்கைகளிலும் எண்ணிக்கையாக இருக்கிறது. 1907-இல் இந்தியக் குடியேற்றக் குழு அமைந்தது, 1910-இல் ஒப்பந்தக் கூலிமுறை ஒழிந்தது, 1923-இல் வந்த தொழிலாளர் சட்டம் தோட்டங்களில் பள்ளி வைக்கச் சொன்னது, 1938-இல் இந்திய அரசு கூலிகளை அனுப்புவதைத் தடை செய்தது. இவை எல்லாமே பாடநூலில் கிடைக்கும். எந்தக் கங்காணியோடு, எந்த ஊரிலிருந்து, யார் யார் வந்து லயத்தில் குடியேறினார்கள் என்பது மட்டும் கிடைக்காது.

அந்தக் குறை மிகக் கொடுமையாகத் தெரிகிற இடம் ஒன்று உண்டு. அதுதான் சயாம் மரண ரயில். ஜப்பானியர் 1942 செப்டம்பரில் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்த அந்தப் பாதையின் நீளம் 415 கிலோமீட்டர். தாய்லாந்தின் நோங் பிளாடுக்கையும் பர்மாவின் தான்பியூசயாட்டையும் அது இணைத்தது. வேலை மந்தமாகப் போனதும் மலாயாத் தோட்டங்களின் பக்கம் ஜப்பானியரின் பார்வை திரும்பியது. ரப்பருக்குச் சந்தை இல்லாமல் போனதால் தோட்டங்களில் வேலையில்லை, அரிசியில்லை. மூன்று மாத வேலை, நாள் ஒன்றுக்கு ஒரு வெள்ளி என்று ஆசை காட்டினார்கள். ஆள் கிடைக்காத இடத்தில் பிடித்து ஏற்றினார்கள். சரக்குப் பெட்டிகளில் அடைபட்டு நாள் கணக்கில் பயணம் செய்தவர்கள் பான்போங்கில் இறக்கப்பட்டு, அங்கிருந்து காட்டுக்குள் நடத்திச் செல்லப்பட்டார்கள். 1943-இன் மழைக்காலத்தில் வாந்திபேதி வந்தது. மருத்துவரும் இல்லை, மருந்தும் இல்லை.

மலாயாவிலிருந்து போனவர்கள் 75,000-க்கும் அதிகம். பெரும்பகுதியினர் தமிழர்கள். மாண்டவர்களின் கணக்கில் இன்றுவரை ஒருமித்த முடிவு கிடையாது. ஏன்? கணக்கு வைக்க வேண்டியவர்கள் வைக்கவில்லை. நேச நாட்டுப் போர்க்கைதிகள் ஏறத்தாழ 60,000 பேர். அவர்களில் 12,000 பேருக்கு மேல் இறந்தார்கள். அவர்களின் தோழர்களோ உயிரைப் பணயம் வைத்துப் பெயரையும் நாளையும் புதைத்த இடத்தையும் குறித்து வைத்தார்கள். அதனால்தான் காஞ்சனபுரி நகரின் போர்க் கல்லறையில் ஏறத்தாழ 7,000 சமாதிகள் வரிசையாக, பசும்புல் நடுவே, பெரும்பாலும் பெயரோடும் படைப்பிரிவோடும் இருக்கின்றன. அந்த வரிசையில் தோட்டத்துப் பாட்டாளி ஒருவனையும் காண முடியாது. அவனுடைய எலும்பு பாதையோரத்தில் கிடக்கிறது. ஹாலிவுட் படம் ஒன்று 1957-இல் குவாய் நதிப் பாலத்தை உலகறியச் செய்தது. அதிலும் அவன் இல்லை.

ஒன்றை மட்டும் வியப்போடு சொல்லியாக வேண்டும். 1944-இல் ஜப்பானியரே காஞ்சனபுரியில் எழுப்பிய நினைவுத் தூணில் பல மொழிகளோடு தமிழிலும் எழுதியிருக்கிறது. மாண்டவர்கள் யாரென்று மாளச் செய்தவர்களுக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது! வெற்றி பெற்றுத் திரும்பிய வெள்ளைக்காரர்களின் ஆட்சிதான் அந்த அளவுக்குக்கூட இவர்களை நினைக்கவில்லை.

இந்த மறதியை எதிர்த்து மலேசியாவில் வேலை செய்து வருவது, பெரிய நிறுவனமாக இல்லாத ஒரு குழு. டெத் ரயில்வே இன்டரெஸ்ட் குரூப் என்பது அதன் பெயர். உயிரோடு திரும்பியவர்களையும் அவர்களின் பிள்ளைகளையும் தேடிப் பிடிப்பது, அவர்களைப் பேச வைப்பது, நினைவுக் கூட்டம் நடத்துவது, காஞ்சனபுரிக்குக் குடும்பங்களோடு போய் வணங்குவது ஆகியவை அதன் பணிகள். எழுத்தாளர்கள் முன்பே இந்தக் கதவைத் திறந்தவர்கள்தான். ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’ ஆகிய நாவல்களைப் படித்த வீடுகளில்தான், சயாம் போய் வந்த தாத்தாவிடம் முதல் கேள்வியே கேட்கப்பட்டிருக்கும். 2023-இல் காஞ்சனபுரியின் வாட் தாவோர்ன் வராராம் ஆலயத்தில் தாய்லாந்துத் தமிழ்ச் சங்கத்தின் முயற்சியால் நடுகல் எழும்பியது. போரில் விழுந்தவனுக்குக் கல் நடுவது சங்க காலத்து வழக்கம். சயாமில் விழுந்தவர்களுக்கு அது 80 ஆண்டு கழித்துக் கிடைத்தது.

ஆனால் கல்லில் பொறிக்கப் பெயர் வேண்டுமே! பெயர் காஞ்சனபுரியில் கிடைக்காது. ரந்தாவிலும் சிலியாவிலும் போர்ட்டிக்சன் சாலையோரத் தோட்டங்களிலும்தான் தேட வேண்டும். தோட்ட ஆபீஸ் செக்ரோல் புத்தகங்கள் பலவும் தோட்டம் கைமாறியபோதே போயிருக்கும். தமிழ்ப்பள்ளியின் சேர்க்கைப் பதிவேடு எங்காவது தப்பியிருந்தால் அது பொன். போருக்கு முன் பிள்ளையைச் சேர்த்தவர் தகப்பன், போருக்குப் பின் அதே குடும்பத்துப் பிள்ளைக்குக் கையெழுத்துப் போட்டவர் சித்தப்பாவோ பாட்டியோ என்றால், அந்த இடைவெளியே ஒரு சாட்சி. மாரியம்மன் கோயில் உபயப் பலகை, தோட்டத்துச் சுடுகாட்டுக் கல், பழைய திருமண அழைப்பிதழில் ‘காலஞ்சென்ற’ என்ற சொல்லுக்குப் பின்வரும் பெயர் என எல்லாமே சான்றுதான்.

இதற்குப் பேராசிரியர்கள் வந்துதான் ஆக வேண்டும் என்பதில்லை. கோயில் மண்டபத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். திருவிழாவுக்குப் பட்டணத்திலிருந்து எல்லாரும் ஊர் திரும்புகிற நாளாக இருந்தால் இன்னும் நல்லது. ஒரு சொற்பொழிவாளரை அழைத்து மாலை போட்டு இரண்டு மணி நேரம் கேட்பதைவிட, மூத்தவர்களை முன்வரிசையில் உட்கார வைத்து, இளைஞர்கள் கைப்பேசியில் ஒலிப்பதிவு செய்வது பயன் தரும். “உங்கள் லயத்தில் யார் யார் சயாம் போனார்கள்? யார் திரும்பவில்லை?” என்ற இரண்டு கேள்விகளில் கூட்டம் சூடு பிடித்துவிடும். பாட்டிமார்கள் பேசத் தொடங்கினால் நிறுத்த முடியாது. அவர்கள் சொல்வதில் ஆண்டு தவறலாம், தோட்டத்துப் பெயர் மாறலாம். பரவாயில்லை, பிறகு ஒப்பிட்டுத் திருத்திக்கொள்ளலாம். ஒருவர் சொன்னதை மற்றொருவர் மறுத்தால் அதையும் எழுதி வைக்க வேண்டும்.

ரயில் பாதை முடிந்த 1943-இல் பத்து வயதாக இருந்து, தகப்பனை லாரியில் ஏற்றியதைப் பார்த்த பிள்ளைக்கு இப்போது தொண்ணூறு தாண்டிவிட்டது.