மேற்கோள் பகுப்பாய்வு: தேடற்கருவியிலிருந்து அளவுகோலுக்கு

முன்னுரை

ஓர் ஆய்வுக்கட்டுரையின் அடிக்குறிப்புகள் அக்கட்டுரை எந்நூல்களைச் சார்ந்து நிற்கிறது என்பதைக் காட்டுவன. அக்குறிப்புகளைத் திரட்டி, எந்நூல் பின்வந்த எவ்வாய்வுகளில் எடுத்தாளப்பட்டுள்ளது என்று காண்பதே மேற்கோள் பகுப்பாய்வு ஆகும். இன்று இப்பணியை மென்பொருள்கள் நொடிப்பொழுதில் செய்து முடிக்கின்றன. அவை தரும் எண்கள் ஆய்வாளரின் தகுதியை மதிப்பிடவும் பயன்படுகின்றன. தேடுவதற்கெனத் தோன்றிய கருவி அளக்கும் கோலாக மாறிய வரலாற்றையும், அம்மாற்றம் தமிழாய்வுக்குத் தரும் சிக்கலையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

தோற்றம்

மேற்கோள் அட்டவணையின் தொடக்கம் சட்டத்துறையில் அமைந்தது. 1873இல் அமெரிக்காவின் சிகாகோ நகரில் பிராங்க் ஷெப்பர்ட் என்பார், ஒரு தீர்ப்பைப் பின்வந்த எத்தீர்ப்புகள் சுட்டியுள்ளன என்பதைப் பட்டியலிட்டு வெளியிட்டார். முந்தைய தீர்ப்பு இன்னும் செல்லுமா என்பதை வழக்கறிஞர் அறிவதே அதன் நோக்கம்.

1927இல் கிராஸ், கிராஸ் என்னும் இருவர் அமெரிக்க வேதியியல் கழக இதழின் 1926ஆம் ஆண்டுத் தொகுதியிலிருந்து 3,633 மேற்கோள்களை எண்ணினர். கல்லூரி நூலகம் எவ்விதழ்களை வாங்க வேண்டும் என்பதே அவர்கள் விடை காண முயன்ற வினா. ஆசிரியரின் தகுதியை அளப்பது இவ்விரு முயற்சிகளின் நோக்கமும் அன்று.

நூலகப் பணியில் எண்ணியல் முறைகளைக் கையாள வேண்டும் என்ற கருத்துக்கு ஒரு தமிழரும் பங்களித்துள்ளார். சீர்காழியில் பிறந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ். ஆர். இரங்கநாதன், 1948இல் இங்கிலாந்தில் நடைபெற்ற மாநாட்டில் 'லைப்ரமெட்ரி' என்ற துறையை முன்மொழிந்தார்.

கார்ஃபீல்டின் பணி

ஷெப்பர்டின் முறையை அறிவியலுக்குக் கொணர்ந்தவர் யூஜீன் கார்ஃபீல்டு. 1955இல் 'சயின்ஸ்' இதழில் அவர் எழுதிய கட்டுரை இதற்கு வித்திட்டது. 1961ஆம் ஆண்டு வெளியீடுகளுக்கென அவர் உருவாக்கிய அறிவியல் மேற்கோள் அட்டவணை 613 இதழ்களிலிருந்து ஏறத்தாழ 14 இலட்சம் மேற்கோள்களைத் திரட்டியது. பொருள் தலைப்பு வழியே தேடுவோர் தவறவிடும் கட்டுரைகளையும் மேற்கோள் வழியே தேடுவோர் கண்டடையலாம் என்பது இதன் அடிப்படை. 1973இல் சமூக அறிவியலுக்கும் 1978இல் கலை, மானிடவியல் துறைகளுக்கும் தனி அட்டவணைகள் தோன்றின.

எண்ணின் எழுச்சி

அட்டவணை கணினிமயமானபின் எண்ணுதல் எளிதாயிற்று. 1975 முதல் இதழ்களின் தாக்கக் காரணி ஆண்டுதோறும் வெளிவரலாயிற்று. 1997இல் வெப் ஆஃப் சயின்ஸ், 2004இல் ஸ்கோபஸ், கூகுள் ஸ்காலர் ஆகியன வந்தன. 2005இல் இயற்பியலாளர் ஹிர்ஷ் தனிமனிதருக்கான எச்-குறியீட்டை வகுத்தார். ஒருவரின் பத்துக் கட்டுரைகள் ஒவ்வொன்றும் குறைந்தது பத்துமுறை சுட்டப்பட்டு, பதினொரு கட்டுரைகள் பதினொரு முறை என்ற நிலை எய்தப்படவில்லையெனில் அவரது குறியீடு 10. 2006இல் ஆன்-வில் ஹார்சிங் வெளியிட்ட 'பப்ளிஷ் ஆர் பெரிஷ்' மென்பொருள் இக்கணக்கை எவரும் தம் கணினியிலேயே செய்துகொள்ள வழிவகுத்தது.

இம்மென்பொருள் தனக்கெனத் தரவு உடையதன்று. கூகுள் ஸ்காலர் முதலிய தளங்களிலிருந்து பெறுவதையே கணக்கிடுகிறது. எனவே, மூலத்தரவில் இல்லாத நூல் மென்பொருளின் பார்வையில் எழுதப்படாத நூலாகிவிடுகிறது.

மென்பொருளும் தமிழாய்வும்

தமிழாய்வு பெரிதும் நூல்களிலும் பதிப்பு முன்னுரைகளிலும் கருத்தரங்கக் கோவைகளிலும் வளர்ந்தது. இவற்றுள் மிகப் பல மேற்குறித்த தரவுத்தளங்களில் இல்லை. ஓர் இதழைச் சேர்ப்பதற்கு ஆங்கிலச் சுருக்கத்தையும் உரோமன் எழுத்தில் அமைந்த துணைநூற் குறிப்புகளையும் ஸ்கோபஸ் நிபந்தனையாகக் கொண்டுள்ளது. தமிழ் எழுத்தில் அமைந்த அடிக்குறிப்பு இவ்வாயிலிலேயே தடைப்படுகிறது. உ.வே. சாமிநாதையரின் பெயர் உரோமன் எழுத்தில் பலவாறு எழுதப்படுவதால் ஒருவரே பலராகவும் எண்ணப்படலாம். பக்க எண்ணின்றி நூற்பா எண்ணால் தொல்காப்பியத்தைச் சுட்டும் மரபையும், பதிப்பு வேறுபாட்டையும் மென்பொருள் அறிந்துகொள்வது அரிது.

ஆயினும், மேற்கோள் வழித் தேடல் தமிழுக்குப் புதிதன்று. சீவக சிந்தாமணியை 1887இல் பதிப்பித்த உ.வே.சா., நச்சினார்க்கினியர் நூற்பெயர் சுட்டாது எடுத்தாண்ட மேற்கோள்களின் மூலங்களைத் தேடியபோது சங்க நூல்களை எதிர்கொண்டார். மறைந்துபோன நூல்கள் பலவற்றின் பகுதிகள் உரையாசிரியர் மேற்கோள்களிலேயே எஞ்சியுள்ளன. இங்கு ஒரே ஒரு மேற்கோளும் ஒரு நூலின் இருப்புக்குச் சான்றாகிறது. எண்ணிக்கை மிகுதியே மதிப்பு என்னும் கோட்பாட்டுக்கு இது நேர் எதிரானதாகும்.

மதிப்பீட்டுக் கொள்கைகள்

எண்ணை மட்டும் நம்புவதன் தீங்கை அறிவியலாளரும் உணர்ந்தனர். 2012இல் உருவான சான்பிரான்சிஸ்கோ பிரகடனம், இதழின் தாக்கக் காரணியைக் கொண்டு தனி ஆய்வாளரை மதிப்பிடலாகாது என்றது. 2015இன் லெய்டன் அறிக்கை, வட்டாரச் சார்புடைய ஆய்வின் சிறப்பைக் காக்க வேண்டும் என வலியுறுத்தியது. இந்தியாவில் பல்கலைக்கழக மானியக்குழு 2018இல் கேர் என்னும் அமைப்பை அறிவித்து, 2019இல் இதழ்ப் பட்டியலை வெளியிட்டது. அப்பட்டியல் முறையைக் கைவிடுவதாக 2025இல் அறிவித்தது. இதழின் தகுதியை முடிவுசெய்யும் பொறுப்பு கல்வி நிறுவனங்களிடம் மீண்டுள்ள இச்சூழலில், ஆயத்தமாகக் கிடைக்கும் மென்பொருள் எண்ணையே நாடும் விருப்பம் மிகக்கூடும்.

முடிவுரை

மேற்கோள் பகுப்பாய்வு மென்பொருள் தேடலுக்கு உற்ற துணை; தமிழாய்வாளரை அளக்கும் கோலாகப் போதாதது. அது சுழி எனக் காட்டுமிடத்து, அச்சுழி ஆய்வாளருடையதா தரவுத்தளத்தினுடையதா என்பதை மதிப்பீட்டுக்குழு முதலில் வினவ வேண்டும். தமிழ் இதழ்கள் துணைநூற் குறிப்புகளில் ஆசிரியர் பெயரை ஒரே வடிவிலும், பதிப்பு, ஆண்டு ஆகியவற்றை முழுமையாகவும் தருதல் நன்று. தமிழ் நூல்களையும் உள்ளடக்கிய மேற்கோள் அட்டவணை ஒன்று தமிழ்த்துறைகளின் கூட்டு முயற்சியால் உருவாகும்போதுதான் இம்மென்பொருள்கள் தமிழாய்வுக்கு முழுப்பயன் தரும்.