திருநர்களுக்கு மன அழுத்தம் அதிகமாக இருப்பது ஏன்? பாகுபாடு மனதை எப்படிப் பாதிக்கிறது?

பஸ்ஸில் பக்கத்து சீட் காலியாகவே இருக்கும். வாடகைக்கு வீடு கேட்டால், ‘வேற ஆள் வந்துட்டாங்க’ என்று பதில் வரும். திருநங்கைகளும் திருநம்பிகளும் அன்றாடம் சந்திக்கும் இந்த ஒதுக்கல் மனதை என்ன செய்கிறது? பார்க்கலாம்.

திருநராக இருப்பது மனநோயா?

இல்லவே இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2019-ல் ஏற்றுக்கொண்ட ஐசிடி-11 பட்டியலில், பாலின அடையாளம் தொடர்பான பகுதி மனநலக் கோளாறுகள் அத்தியாயத்தில் இருந்து எடுக்கப்பட்டு, பாலியல் ஆரோக்கியம் சார்ந்த அத்தியாயத்துக்கு மாற்றப்பட்டது. இது 2022 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ளது.

அப்படின்னா பிரச்சனை எங்கே?

இதை ‘சிறுபான்மை மன அழுத்தம்’ என்கிறார்கள் ஆய்வாளர்கள். ஒருபாலீர்ப்பு கொண்டவர்களை வைத்து இலான் மேயர் 2003-ல் விளக்கிய இந்தக் கோட்பாடு, பிறகு திருநர்களுக்கும் விரிவாக்கப்பட்டது. இது மனதில் படிப்படியாக வேலை செய்கிறது.

* முதலில் வெளியே இருந்து வரும் கேலி, அடி, வேலை மறுப்பு.

* அடுத்து, ‘இன்னைக்கு யார் என்ன சொல்வாங்களோ’ என்ற பயம். எதுவும் நடக்காத நாளிலும் மனம் உஷாராகவே இருக்கும். தூக்கம் கெடும்.

* அடையாளத்தை மறைத்தே வாழ வேண்டிய நிலை. மனம்விட்டுப் பேச ஆள் இருக்காது.

* கடைசியில், ஊர் சொல்வதையே உண்மை என்று நம்பி தன்னையே வெறுப்பது. ரொம்ப ஆபத்தானது இதுதான்.

பலருக்கு முதல் அடி விழுவது வீட்டில்தான். வீட்டை விட்டு வெளியேறினால் படிப்பு நிற்கும்; படிப்பு நின்றால் வேலை கிடைக்காது. ஆஸ்பத்திரிக்குப் போனால், ஆண் வார்டா பெண் வார்டா என்ற கேள்வி. இதனாலேயே சிகிச்சையைத் தள்ளிப்போடுகிறவர்கள் உண்டு.

பெயர் சொல்லிக் கூப்பிட்டாலே மாற்றம்

அமெரிக்காவில் 129 திருநர் இளைஞர்களிடம் நடந்த ஆய்வு 2018-ல் வெளியானது. வீடு, பள்ளி, வேலையிடம், நண்பர்கள் என நான்கு இடங்களைப் பற்றிக் கேட்டார்கள். தாங்கள் தேர்ந்தெடுத்த பெயரைப் பயன்படுத்த முடிகிற இடம் ஒன்று கூடினாலே, தற்கொலை எண்ணம் 29 சதவீதம் குறைவாக இருந்தது.

சட்டம் என்ன சொல்கிறது?

* 2014 ஏப்ரல் 15: தன் பாலினத்தைத் தானே தீர்மானிக்கும் உரிமையை உச்ச நீதிமன்றம் அங்கீகரித்தது. திருநர்களின் பயம், அவமானம், மனச்சோர்வு, தற்கொலை எண்ணம் ஆகியவற்றை அரசுகள் தீவிரமாகக் கவனிக்க வேண்டும் என்றும் உத்தரவிட்டது.

* 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம்: பாலின அடிப்படையில் பாகுபாடு இல்லாமல் மனநல சிகிச்சை பெறும் உரிமையைத் தந்தது.

* 2021 ஜூன்: ‘மாற்றிக் காட்டுகிறேன்’ என்று சொல்லி அளிக்கும் சிகிச்சைக்கு சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. 2022-ல் தேசிய மருத்துவ ஆணையம் அதைத் தொழில்முறை ஒழுங்கீனம் என்று அறிவித்தது.

அதனால், பிள்ளையை ‘சரிபண்ண’ டாக்டரைத் தேடி அலையாதீர்கள். அவர்கள் சொல்வதை முதலில் காது கொடுத்துக் கேளுங்கள். தொடர்ந்து தூக்கமின்மை, யாரிடமும் பேசாமல் ஒதுங்குவது, ‘வாழ்ந்து என்ன பண்ணப் போறேன்’ என்ற பேச்சு தெரிந்தால், மனநல ஆலோசகரிடம் கூட்டிப் போங்கள்.

தற்கொலை எண்ணம் தோன்றினால் தயங்காமல் அழைக்கலாம்: டெலி மானஸ் 14416, தமிழக அரசின் உதவி எண் 104, சினேகா 044-24640050.