அங்காடித் தெருவில் பிறந்த பள்ளிவாசல்

திருக்குர்ஆனை ஆங்கிலத்தில் பெயர்த்த அல்லாமா அப்துல்லா யூசுப் அலீயை நம்மில் பலர் அறிவோம். அப்பெரியார் 1938 டிசம்பர் 12ஆம் நாள், கடுங்குளிரில், கனடாவின் எட்மன்டன் நகரில் ஒரு பள்ளிவாசல் திறப்பு விழாவில் கலந்துகொண்ட செய்தியைச் சிலரே அறிவர். அல் ரஷீத் என்னும் அப்பள்ளியே கனடாவில் எழுந்த முதற் பள்ளிவாசல். அதற்குக் கால்கோள் இட்டவர்கள் செல்வச் சீமான்கள் அல்லர், கடைக்காரர்கள்.

கிரீ என்னும் பூர்வகுடி மக்கள் அவ்வூரை அமிஸ்க்வசிவாஸ்கஹிகன் என்பர். பீவர் குன்றுகளின் மனை என்று பொருள். பெயரிலேயே வாணிபத்தின் வாடை வீசுகிறது! பீவர் முதலிய விலங்குகளின் மென்மயிர்த் தோலை நாடியே, 1670இல் இலண்டனில் தோன்றிய ஹட்சன் விரிகுடாக் கம்பெனி அப்பகுதியில் 1795இல் கோட்டை அமைத்தது. இலையுதிர் காலத்தில் வேட்டையாடுவோர்க்கு மாவு, தேயிலை, தோட்டா, கண்ணி ஆகியவற்றைக் கடனாகத் தருவதும், பனி உருகியபின் தோல்களைப் பெற்றுக் கணக்குப் பார்ப்பதும் அவ்வணிகத்தின் வழக்கம். போட்டிக்கடை இல்லாத இடத்தில் தோலுக்கு விலை சொல்பவரும் சரக்குக்கு விலை சொல்பவரும் ஒருவரே. கடன் எந்த ஆண்டில் தீரும்?

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், லெபனானின் பெக்கா பள்ளத்தாக்கிலுள்ள லாலா போன்ற சிற்றூர்களிலிருந்து முஸ்லிம்கள் அங்கே வந்து சேர்ந்தனர். முதலில் தலைச்சுமை வியாபாரம், பிறகு கடை. அலீ அபூஷாதி, லாக் லா பீஷ் என்னும் ஏரிக்கரை ஊரில் கடை வைத்துக் கிரீ மொழி பேசக் கற்றார். அலீ ஹம்தான் வடக்கே சிப்பவையன் கோட்டையில் தோல் வணிகம் செய்தார். இத்தகைய தனி வணிகர்களால் வேட்டைக்காரருக்கு இன்னொரு கடைவாசல் திறந்தது. ஓரிடத்தில் சொன்ன விலையை மற்றோரிடத்தில் ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தது. இவர்களும் ஆதாயம் தேடி வந்தவர்களே, இதை மறைப்பானேன்? எனினும் வாடிக்கையாளரின் மொழியைக் கற்றவனிடம் அவரால் வாதாட முடியும். கம்பெனிப் பேரேட்டோடு வாதாட முடியாது.

அலீ ஹம்தானின் துணைவியார் ஹில்வி அம்மையார். குடும்பம் எட்மன்டனில் குடியேறியபின், அவரும் தோழியரும் பள்ளிவாசலுக்கு நிலம் கேட்டு நகரத் தலைவர் ஜான் ப்ரையை அணுகினர். கட்டடத்துக்குப் பணம் உண்டா என்று அவர் கேட்டார். உலகப் பொருளாதார வீழ்ச்சியின் காலம் அது. பெண்கள் ஜாஸ்பர் அவென்யூவில் கடை கடையாக ஏறி இறங்கினர். முஸ்லிம் வணிகரோடு யூதரும் கிறிஸ்தவரும் கொடுத்தனர். கட்டித் தந்தவர் உக்ரைனிய வம்சத்து ஒப்பந்தக்காரர் மைக் ட்ரேவத். ஆகவே பள்ளிக்கு அவர் இனத்தாரின் தேவாலயச் சாயல் வந்துவிட்டது!

மருத்துவமனை விரிவாக்கத்தால் பின்னாளில் இடிபடவிருந்த அக்கட்டடத்தை மீட்கவும் முஸ்லிம் பெண்களே முன்னின்றனர். 1991இல் எட்மன்டன் கோட்டைப் பூங்காவுக்கு அது பெயர்த்துச் செல்லப்பட்டது.

ஜாஸ்பர் அவென்யூவின் ஈகையைப் போற்றுகிறோம், போற்றத்தான் வேண்டும். ஆனால் அந்தச் சமூகத்தின் முதல் பொருளில் ஒரு பங்கு, வடக்கே பனியில் கண்ணி வைத்தவரின் உழைப்பிலிருந்து வந்தது. கம்பெனிக் கோட்டையின் மறு உருவமும் பள்ளிவாசலும் இன்று அந்த ஒரே பூங்காவில் நிற்கின்றன. பூர்வகுடி மக்களின் வரலாற்றைச் சொல்லும் தனிக்கூடம் அங்கே திறக்கப்பட்டது 2021இல்தான்.